தரத்திற்கு அப்பாற்பட்டவர்

எங்கள் ஹ்வாங் குலத்தில் பதினாறு தலைமுறையாக யாரும் அரசாங்கத்திடம் கை நீட்டியதில்லை. பஞ்சத்தில் நீட்டவில்லை. போரில் நீட்டவில்லை. பதினேழாவது தலைமுறையின் மூத்த வாரிசான நான்தான் முதலில் நீட்டினேன். அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். இது பிச்சை அல்ல, காப்பீடு. வேலையில் இருந்தபோதும் ஓய்வுபெற்ற பிறகும் மாதம் தவறாமல் நானே கட்டி வந்தது.

முதியோர் பராமரிப்புக் காப்பீடு தொடங்கிய வருடம், யோங்ஜு நகரத்திலிருந்து ஓர் அதிகாரி எங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்து பேசினார். “பெரியவங்களே, இனிமே கவலையை விடுங்க. இன்னையிலேர்ந்து உங்க எல்லாருக்கும் மூத்த மகன் அரசாங்கம்தான்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. நானே ஒரு மூத்த மகன். மூத்த மகன் என்றால் என்னென்ன சுமக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த அதிகாரியைப் பார்த்தால் அரை நாள் தாங்கமாட்டார் போலிருந்தது. ஆனாலும் நம்பினேன். முப்பத்திரண்டு வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன். முத்திரை குத்திய காகிதத்தை நம்பாமல் இருக்க எனக்குத் தெரியாது.

என் மனைவி ஓக்புன்னுக்கு எழுபத்தெட்டு வயது. மூன்று வருடமாக அவளுக்கு நினைவு அழிந்துகொண்டிருக்கிறது. முதலில் அடுப்பு மறந்தது, பிறகு மகனின் பெயர், சென்ற குளிர்காலத்திலிருந்து நான். அவளைக் குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, உடை மாற்றுவது எல்லாம் நானே. எனக்கு எண்பத்தொன்று. குடலிறக்கம் இருக்கிறது. இனி எதையும் தூக்கக் கூடாது, உடனே அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஊல்சானில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கும் மகன் தோங்வு, ஓர் ஏற்பாட்டைச் சொன்னான். “அப்பா, காப்பீட்டுல ஒரு தரம் கிடைச்சா தினமும் மூணு மணி நேரம் வீட்டுக்கே ஆள் வருவாங்க. மத்த நேரத்துக்கு நான் ஆள் பாக்கறேன். நீங்க ஆபரேஷன் பண்ணிக்கலாம். கிடைக்கலைன்னா எனக்கு வேற வழி தெரியலை. இங்க முதியோர் மருத்துவமனையில ஒரு கட்டில் சொல்லி வெச்சிருக்கேன்.”

அந்த மருத்துவமனையை நான் பார்த்திருக்கிறேன். ஓர் அறைக்கு எட்டுக் கட்டில். கையை அசைத்தால் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்று கிழவிகளின் கைகளுக்கு உறை மாட்டி, கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டின் மூத்த மருமகளான ஓக்புன்னை அங்கே படுக்க வைக்க முடியாது. விண்ணப்பம் போட்டேன்.

முறை எளிமையானது. அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து ஐம்பத்திரண்டு கேள்விகள் கேட்பார். எதெது முடியவில்லையோ அதற்கெல்லாம் மதிப்பெண். நாற்பத்தைந்து வாங்கினால் கடைசித் தரம் கிடைக்கும். வாழ்நாள் முழுவதும் முடிந்ததற்காக மதிப்பெண் வாங்கிய நாட்டில், முடியாததற்கு மதிப்பெண் கொடுக்கும் ஒரே தேர்வு இதுதான்.

வந்தவர் கூ மிரான் என்ற நாற்பது வயதுப் பெண். அவர் வாசலில் செருப்பைக் கழற்றியதுதான் தாமதம், ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை சுவரோடு பேசிக்கொண்டிருந்த ஓக்புன் எழுந்து நின்றாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். முறைப்படி குனிந்து வணங்கினாள்.

“வாங்கம்மா, வாங்க. இந்தக் குளிர்ல எவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றீங்க? சாப்டீங்களா?”

குலத்தின் மூத்த வீட்டு மருமகளுக்கு இரண்டே கடமைகள். முன்னோருக்குப் படைப்பது, விருந்தினரை வரவேற்பது. ஐம்பத்தாறு வருடம் அவள் அதைத்தான் செய்தாள். மூளையில் மற்றதெல்லாம் போன பிறகும் அது மட்டும் போகவில்லை.

வந்தவர் பெயரைச் சொன்னதும் ஓக்புன் கேட்டாள். “கூன்னு சொன்னீங்களா? எந்த ஊர் கூ குலம்?”

“நுங்சொங் கூ, அம்மா.”

“ஆ, நல்ல குலம். உங்க பெரியவங்களோட சமாதி எந்த மலைப்பக்கம்?”

கூ மிரானுக்கு அது தெரியவில்லை. வெட்கப்பட்டு, தன் படிவத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார். “அம்மா, இன்னிக்கு என்ன தேதி?”

“விருந்தாளி வந்த நாள் எதுவா இருந்தாலும் நல்ல நாள்தானே!” என்றாள் ஓக்புன்.

கூ மிரான் சிரித்துவிட்டார். ‘காலம் பற்றிய உணர்வு: நிறைவு’ என்று எழுதினார்.

மீதிக் கேள்விகள் என்னிடம் வந்தன. அம்மா யாரையாவது அடிப்பாங்களா? பொருள்களை ஒளிச்சு வைப்பாங்களா? கழிவறைக்குத் தானே போவாங்களா? ஓக்புன் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெளியாள் முன்னால், அவள் காதுபட, நான் என்ன சொல்வேன்? அடிப்பதில்லை என்றேன். ஒளிப்பதில்லை என்றேன். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கிடையாது என்றேன். புறப்படும் முன் கூ மிரான், ஓக்புன் வணங்கும் கோலத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு ஒரு தாளை நீட்டினார். குலத்துக்குப் பெருமை என்று கையெழுத்துப் போட்டேன். அவர் வாசலைத் தாண்டியதும் ஓக்புன் சுவரிடம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. முப்பத்தெட்டு மதிப்பெண். ‘தங்கள் துணைவியார் தரத்திற்கு அப்பாற்பட்டவர்’ என்று எழுதியிருந்தது. நான் அதை முதலில் பாராட்டு என்றே படித்தேன். தோங்வு போனில் விளக்கிய பிறகுதான், ஒன்றும் கிடைக்காது என்று பொருள் என்பது தெரிந்தது.

“என்னப்பா சொன்னீங்க அவங்ககிட்ட?”

“கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.”

“உண்மையையா?”

“உங்க அம்மா எதிர்ல உக்காந்திருந்தாடா.”

அவன் பெருமூச்சு விட்டான். “என் மாமனார் வீட்டுல மூணு நாள் மாமியாரைக் குளிக்க வைக்கலை, தலை சீவலை. அதிகாரி வந்தப்ப வாசல்லயே மூக்கைப் பொத்திக்கிட்டாராம். மூணாவது தரம் கிடைச்சுது. எல்லாரும் அப்படித்தான்பா பண்றாங்க.”

“நம்ம குடும்பத்துல நாடகம் ஆடற வழக்கம் இல்லை.”

“அன்னிக்கு நீங்க ஆடினது என்னப்பா?”

நான் போனை வைத்துவிட்டேன்.

முறையிட யோங்ஜு கிளை அலுவலகத்துக்குப் போனேன். கட்டடத்தின் முகப்பில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு பதாகை. அதில் என் மனைவி குனிந்து வணங்கிக்கொண்டிருந்தாள். கீழே பெரிய எழுத்தில், ‘முதுமை ஒரு மனநிலையே!’

உள்ளே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு எழுபத்து நான்கு வயது. சென்ற மாதம்வரை இந்தத் திட்டத்திலேயே உதவியாளராக வேலை பார்த்தவராம். தன்னைவிட இரண்டு வயது இளையவரைத் தூக்கப் போய் இடுப்பு முறிந்து, இப்போது தனக்கே தரம் கேட்டு வந்திருக்கிறார். “எனக்குப் பதிலா இப்ப அங்க போறவளுக்கு எழுபத்தாறு. நல்ல பொண்ணு” என்றார்.

கிளைத் தலைவர் பியோன் தெசிக் என்னை எழுந்து நின்று வரவேற்றார். இரண்டு கையாலும் தேநீர் கொடுத்தார். இந்த மனிதர் கடைசிவரை ஒரு மரியாதைக் குறைவான சொல்லும் பேசவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

“ஐயா, உங்ககிட்ட மனம் விட்டுப் பேசறேன். வயசானவங்க கூடிட்டே போறாங்க. குழந்தைங்க பிறக்கறதே இல்லை. கட்டறவங்க குறைச்சல், வாங்கறவங்க ஜாஸ்தி. இன்னும் கொஞ்ச வருஷத்துல நிதி காலி. இதுக்கு ஒரே தீர்வுதான் இருக்கு. வயசானவங்க வயசாகாம இருக்கணும். எங்க கிளையில இந்த வருஷம் முதுமை ஆறு சதவீதம் குறைஞ்சிருக்கு, ஐயா. மாகாணத்துலயே நாங்க ரெண்டாவது. அதுக்கு உங்க வீட்டம்மா மாதிரி ஆளுங்கதான் காரணம்.”

“என் மனைவிக்கு நான் யாருன்னே தெரியாதுங்க.”

“ஆனா விருந்தாளியைத் தெரியுதே!”

நான் நிலைமையை விளக்கினேன். வெளியாள் யாராவது வந்தால் மட்டும் ஒரு கால் மணி நேரம் அப்படி ஆகிவிடுவாள் என்றேன். அவர் கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மேலிடத்துக்கு எழுதி, சிறப்பு அனுமதி வாங்கி, மறு ஆய்வுக்கு உத்தரவிட்டார். ‘ஆய்வாளர் விருந்தினராகத் தோன்றாத வகையில் செல்ல வேண்டும்’ என்று அதில் தனியாக ஒரு வரி இருந்தது.

அதனால் கூ மிரான் இரண்டாம் முறை எரிவாயு மீட்டர் பார்ப்பவரைப் போல வந்தார். பச்சைச் சட்டை, தொப்பி, கையில் டார்ச். கொல்லைப்புற வழியாக, தட்டாமல், வணக்கம் சொல்லாமல் நுழைந்தார். ஓர் அதிகாரி இவ்வளவு மரியாதைக் குறைவாக நடக்க முயன்று சிரமப்பட்டதை நான் பார்த்ததில்லை.

ஓக்புன் அவரைப் பார்த்ததும் எழுந்தாள். “அடடா, வேலை செய்யற பொண்ணு, களைச்சுப் போய் வந்திருக்கீங்க. உக்காருங்க. வாசல் வழியா வந்திருக்கலாமே, நம்ம வீடுதானே?” என்று சமையலறைக்குள் போனாள். இரண்டு கையாலும் ஒரு கோப்பையைத் தாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து வைத்தாள். இளநீல நிறத்தில், மல்லிகை மணத்தோடு, துணி துவைத்த பிறகு ஊற்றும் திரவம்.

கூ மிரான் முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இதுவரை என் வாயால் சொல்ல முடியாமல் இருந்ததைக் கோப்பை சொல்லிவிட்டது என்று நிம்மதியாக இருந்தது.

அவர் படிவத்தைப் புரட்டினார். “கோப்பையைப் பிடிக்கிறாங்களா? ஆமாம். நடந்து கொண்டுவர்றாங்களா? ஆமாம். சிந்தாம வைக்கிறாங்களா? ஆமாம்.”

“உள்ள என்ன இருக்குன்னு எழுதுங்கம்மா.”

“அதுக்குக் கட்டம் இல்லீங்களே, ஐயா.” அவர் குரல் தாழ்ந்திருந்தது. “எனக்குப் புரியுது. ஆனா கட்டத்துக்கு வெளியில எழுதினா கம்ப்யூட்டர் எடுத்துக்காது.”

முப்பத்தொன்பது மதிப்பெண். மேல்முறையீடு செய்தேன். தரநிர்ணயக் குழுவின் முன் நேரில் வரச் சொன்னார்கள். மனைவியையும் அழைத்து வர வேண்டும். இது கடைசி வாய்ப்பு, இதற்கு மேல் முறையீடு கிடையாது என்று கடிதத்தில் அடிக்கோடு போட்டிருந்தது.

“அம்மா தலையைச் சீவிடாதீங்கப்பா, கெஞ்சிக் கேக்கறேன்” என்றான் தோங்வு. நான் சீவினேன். எங்கள் மரபு உடையான ஹன்போக்கைப் பச்சைநிறத்தில் உடுத்திவிட்டு, மார்பில் நாடாவை முடிந்துவிட்டேன். எங்கள் வீட்டு மூத்த மருமகள் ஒரு சபைக்குப் போவதென்றால் அப்படித்தான் போவாள். ஆனால் பேருந்தில் போகும்போது ஒரு முடிவு எடுத்திருந்தேன். இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுவது. அவள் எதிரே இருந்தாலும் சரி. எட்டுக் கட்டில் அறையை மனதில் நிறுத்திக்கொண்டேன்.

குழுவில் பதினைந்து பேர் என்று பலகை சொன்னது. ஏழு நாற்காலியில் ஆள் இருந்தது. அன்று பிற்பகலில் மட்டும் எண்பத்து நான்கு பேரைத் தீர்மானிக்க வேண்டியிருந்ததால் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். நடுவில் பியோன் தெசிக். ஒரு பக்கம் ஒரு மருத்துவர், மறு பக்கம் சமூகநலப் பேராசிரியர். ஓரத்தில் கணக்கிடும் கருவியோடு கூ மிரான்.

ஓக்புன் எல்லோரையும் பார்த்துக் குனிந்து வணங்கினாள். மருத்துவர் தன்னையறியாமல் எழுந்து பதில் வணக்கம் செய்துவிட்டு உட்கார்ந்தார்.

“சொல்லுங்க, ஐயா. தயங்காம சொல்லுங்க” என்றார் பியோன் தெசிக்.

நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினேன். “சோத்தைச் செருப்புக்குள்ள ஒளிச்சு வைக்கறா. போன மாசம் கரண்டியால என் புருவத்தைக் கிழிச்சுட்டா, இதோ தழும்பு. கழிவறைக்கு வழி தெரியறதில்லை. அறை மூலையிலயே போயிடறா. நான்தான் சுத்தம் செய்யறேன். எங்க கொள்ளுத்தாத்தாவோட நினைவுப் பலகையைத் துணி துவைக்கிற மெஷின்ல போட்டுட்டா.”

“பலகை உடைஞ்சுதா?” என்று கேட்டார் பேராசிரியர்.

“இல்லை. பேர் அழிஞ்சுபோச்சு.”

“துவைக்கணும்னு தோணியிருக்கு, பாருங்க” என்றார் மருத்துவர். “சுத்தம் பத்தின உணர்வு இருக்கு. அதுக்கு ஒண்ணு குறைக்கணும்.”

கூ மிரான் தட்டினார். “நாற்பத்தி மூணு.”

நான் தொடர்வதற்குள் பக்கத்தில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. ஓக்புன் எழுந்து நின்றிருந்தாள். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, தலையைச் சற்றே தாழ்த்தி, பியோன் தெசிக்கைப் பார்த்துப் பேசினாள்.

“பெரிய மனுஷங்க கூடியிருக்கிற இடத்துல நான் பேசக் கூடாது. மன்னிக்கணும். இந்தப் பெரியவர் யாருன்னு எனக்குத் தெரியலை. எதுக்கு என்னைப் பத்தி இப்படிச் சொல்றார்னும் தெரியலை. எங்க வீட்டுக்காரர் மட்டும் இங்க இருந்திருந்தா, ஒரு பொம்பளையைப் பத்தி சபையில இப்படிப் பேச விட்டிருக்க மாட்டார்.”

உட்கார்ந்தாள். நாடாவைச் சரிசெய்துகொண்டாள்.

மருத்துவருக்கு முகம் மலர்ந்தது. “கணவரை அடையாளம் தெரியலை! நேர்லயே நிரூபணம் ஆயிடுச்சு. மூணு சேர்த்துக்கோங்க.”

“ஒரு நிமிஷம்” என்றார் பேராசிரியர். “எவ்வளவு கோர்வையா ஆட்சேபணை தெரிவிச்சாங்க! சுயமரியாதை உணர்வு பழுதில்லாம இருக்கு. அதுக்குக் கழிச்சாகணும்.”

இரண்டு பேரும் நாகரிகமாக வாதாடினார்கள். மூன்று நிமிடம் என்பது பன்னிரண்டு ஆனது. கூ மிரான் கூட்டியும் கழித்தும் கடைசியில் நிமிர்ந்தார். “நாற்பத்தி நாலு தசம் எட்டு.”

பியோன் தெசிக் மேசைமேல் சாய்ந்து என்னை நெருங்கினார். அவர் கண்ணில் உண்மையான பரிவு இருந்தது. “ஐயா, கிட்டத்தட்ட வந்துட்டீங்க. இன்னும் ரெண்டு தசம்தான். சின்னதா ஒண்ணு சொன்னாப் போதும். யோசிச்சுப் பாருங்க. ராத்திரியில ஏதாவது செய்வாங்களா? குளிக்கும்போது? வெக்கப்படற மாதிரி ஏதாவது? அதுக்குத்தான் நிறைய மதிப்பெண் வெச்சிருக்கோம்.”

“நாங்க ஒத்தாசை பண்ணத்தான் உக்காந்திருக்கோம், ஐயா” என்றார் மருத்துவர்.

சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. தோங்வுவுக்குக்கூட அது தெரியாது. அதைச் சொன்னால் நாற்பத்தைந்து என்ன, ஐம்பதே வந்திருக்கும். அதை நான் இங்கேயும் எழுதப் போவதில்லை.

ஓக்புன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக அல்ல. அறிமுகமில்லாத ஒருவன் இன்னும் என்ன செய்வானோ என்று ஒரு பெண் பயந்து பார்க்கும் பார்வை அது. ஐம்பத்தாறு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்க்க நான் இடம் கொடுத்ததில்லை.

எழுந்தேன். “எழுதிக்குங்க. நான் சொன்னது அத்தனையும் பொய். இந்த அம்மா அப்படி எதுவும் செஞ்சதில்லை.”

“ஐயா, ரெண்டு தசம்…”

“பொய்னு எழுதுங்க.”

அவள் பக்கம் திரும்பினேன். முன்னோரைத் தவிர வேறு யார் முன்னாலும் நான் செய்யாததைச் செய்தேன். தரையில் மண்டியிட்டு, நெற்றி கையில் படக் குனிந்தேன். குடலிறக்கத்துக்காக வயிற்றில் கட்டியிருந்த பட்டைக்கு அடியில் என்னவோ பிசகியது. “அம்மா, தெரியாம பேசிட்டேன். மன்னிக்கணும்.”

“ஐயோ, எழுந்திருங்க பெரியவரே, இவ்வளவு குனியாதீங்க” என்றாள் ஓக்புன். “வயசானா வாய் தடுமாறும். விடுங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லலை.”

பியோன் தெசிக் எங்கள் ஆவணக் கோப்பை மூடினார். பொய் வாக்குமூலத்துக்கு உண்டான நடவடிக்கையை என் வயதைக் கருதித் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார். பிறகு எழுந்து நின்று, தானாக முன்வந்து உரிமையை விட்டுக்கொடுக்கும் இப்படிப்பட்ட குடும்பங்களால்தான் இந்தத் திட்டம் அடுத்த தலைமுறைக்கும் மிஞ்சும் என்று பேசினார். ஏழு பேரும் கை தட்டினார்கள். கூ மிரான் மட்டும் தலை குனிந்து கணக்கிடும் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் எண்பத்து நான்கில் அடுத்தவர் சக்கர நாற்காலியில் காத்திருந்தார். அவருக்குத் தலை சீவியிருக்கவில்லை.

வெளியே வந்து தோங்வுவை அழைத்தேன்.

“என்னப்பா, கிடைச்சுதா?”

“அந்தக் கட்டில் இன்னும் இருக்கா?”

“இருக்குப்பா.”

“திங்கட்கிழமை வா.”

பேருந்தில் ஓக்புன் எனக்கு எதிர் வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள், யாரோ ஒரு பெரியவரின் கையைப் பிடிப்பது போல, முழங்கைக்கு மேல் துணியின்மீது மட்டும். வீட்டு வாசலுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டுத் திரும்பி நின்றாள்.

“இவ்வளவு தூரம் துணைக்கு வந்ததுக்கு நன்றிங்க. உள்ள கூப்பிட்டு உபசரிக்கணும்தான். ஆனா எங்க வீட்டுக்காரர் இல்லாத நேரத்துல அறிமுகமில்லாதவரை விட முடியாது. தப்பா நினைக்காதீங்க. அவர் வர்ற நேரம்தான்.”

குனிந்து வணங்கினாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. நான் தட்டவில்லை. பதினேழு தலைமுறையாக எங்களுடையதாக இருந்த அந்த வாசலில், அவள் கணவன் வரட்டும் என்று காத்து நின்றேன்.